முப்பத்தொரு சொல் மிச்சம்

கடவுளுடைய வார்த்தையின் விலை, சொல் ஒன்றுக்கு நான்கு காசு. எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு தேநீர் இருபத்தேழு காசு. ஆக, ஒரு தேநீருக்கு ஆறே முக்கால் திருச்சொல். இதைவிட மலிவாக எந்தச் சந்தையிலும், எந்த நூற்றாண்டிலும் வேதம் மொழிபெயர்க்கப்பட்டதாக எனக்குத் தகவல் இல்லை. முற்காலத்தில் மொழிபெயர்த்த சிலரைக் கம்பத்தில் கட்டிக் கொளுத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுக்குக் கூலி கொடுக்கும் செலவு மிச்சமாகியிருக்கும். விறகுச் செலவு வந்திருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதலிடம் எங்களுக்குத்தான்.

'எங்களுக்கு' என்றால், 'திருமறைப் புதுமொழிபெயர்ப்பு மத்தியக் குழு'வுக்கு. மத்தியக் குழு மட்டும்தான் உண்டு, கிளைகள் கிடையாது. நான் அதன் பொருளாளர். தொழில், காகித மொத்த வியாபாரம். என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டதற்கு என் பக்தியைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது. வேதம் அச்சடிக்கிற மெல்லிய தாள் என் கிடங்கில் நாலாயிரம் ரீம் கிடந்தது. அதை வேறு யாரும் சீந்தவில்லை.

எங்கள் தலைவர் சுங்கத் துறையில் முப்பது வருடம் மற்றவர்களுடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். "மேலாகத் துணி இருக்கும், சமாச்சாரம் அடியில இருக்கும். வேதமும் அப்படித்தான்" என்பார். இப்படி ஒரு விளக்கவுரையை எந்தச் சபையிலும் நான் கேட்டதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆறு பேர். ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், மற்ற நால்வரும் இவர்கள் சொல்வதற்குத் தலையாட்டும் அறிஞர்கள். விலை பேசும் பொறுப்பைக் குழு என்னிடம் விட்டது.

"சொல்லுக்குப் பத்துக் காசு" என்றார் போதகர்.

"ஐயா, மொத்தமா எடுக்கிறோம். லட்சக்கணக்குல சொல் இருக்கு. நீங்க சில்லறை விலை சொல்றீங்களே?"

"இது கடவுளோட வார்த்தை, தம்பி."

"அதனாலதான் ஐயா கேக்கறேன். சரக்கு அவரோடது. உங்களுக்குக் கைக்கூலி மட்டும்தானே?"

போதகர் விலையை இறக்கினார். ஆறாகக் குறைந்தது. நான் விடவில்லை. வம்ச வரலாறு வருகிற பக்கங்களுக்கெல்லாம் பாதி விலை என்றேன்; வெறும் பெயர்ப் பட்டியலில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது? ஒரே வரி திரும்ப வந்தால் முதல் தடவைக்கு மட்டும்தான் காசு என்றேன்.

"அநியாயம்!" என்று எழுந்தார் விரிவுரையாளர். "அவருடைய இரக்கத்துக்கு முடிவில்லைன்னு ஒரே பாட்டுல இருபத்தாறு தடவை வருதே?"

"இருபத்தஞ்சு இலவசம்" என்றேன்.

நான்கு காசில் படிந்தது. என் அப்பா இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

எந்தச் சரக்கையும் மாதிரி பார்க்காமல் எடுப்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை. ஆகவே முதலில் வேதத்திலுள்ள ஒரு சின்னப் புத்தகத்தை மாதிரியாகச் செய்து தரச் சொன்னோம். மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் இருந்த தீர்க்கதரிசியின் கதை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: ஒரு பொல்லாத நகரத்துக்குப் போய், அது அழியப்போகிறது என்று சொல்லும்படி கடவுள் ஒருவரை அனுப்புகிறார். அவர் எதிர்த்திசையில் கப்பல் ஏறுகிறார். மீன் விழுங்குகிறது, கக்குகிறது. வேறு வழியில்லாமல் போய்ச் சொல்கிறார். நகரத்தார் திருந்திவிடுகிறார்கள். கடவுள் மன்னித்துவிடுகிறார். சொன்ன நாசம் நடக்கவில்லையே என்று தீர்க்கதரிசிக்குக் கோபம். ஊருக்கு வெளியே போய் உட்காருகிறார். அவருக்கு நிழலாக ஒரு செடி முளைக்கிறது. மறுநாள் அதைப் புழு அரிக்கிறது, செடி பட்டுப்போகிறது. அதற்கும் கோபம். 'நீ கோபப்படுவது நியாயமா?' என்கிறார் கடவுள். 'சாகிற வரைக்கும் நியாயம்தான்' என்கிறார் இவர். அதற்குக் கடவுள் ஒரு பதில் சொல்கிறார். கதை முடிகிறது.

பழைய மொழிபெயர்ப்பில் இது சரியாக ஆயிரம் சொல். நவீன மொழி சுருக்கமானது என்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி போட்டு, 'உச்சவரம்பு தொள்ளாயிரம். மேற்பட்டால் பணம் கிடையாது' என்று ஒப்பந்தத்தில் எழுதினேன். இந்த வரிதான் எங்கள் மொழிபெயர்ப்பின் மிக ஆழமான வரி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மீதியைத் தலைவர் முடிவு செய்தார். அவர் எங்கோ ஒரு பழங்கதை படித்திருந்தார். வெகு காலத்துக்கு முன் ஓர் அரசன், எழுபத்திரண்டு பெரியவர்களை அழைத்து வேதத்தை மொழிபெயர்க்கச் சொன்னானாம். தனித்தனி அறையில் இருந்து எழுதியும் எழுபத்திரண்டு பிரதியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக வந்ததாம்.

"அதே மாதிரி நாமும் பண்ணுவோம்" என்றார் தலைவர். "ஆறு பேரையும் ஆறு ரூம்ல போட்டுப் பூட்டுவோம். ஒண்ணா வந்தா, ஆவியானவர் அங்கீகாரம் குடுத்துட்டாருன்னு அர்த்தம்."

"ஒண்ணா வரலைன்னா?"

"நடுவுல இருக்கறதை எடுத்துக்குவோம்."

அறைகள் என்னுடையவை. கிடங்கு மாடியில் வரிசையாக ஆறு சரக்கு அறைகள் காலியாக இருந்தன. நாள் வாடகைக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விசிறி. முன்பக்கக் கதவுகளைத் தலைவர் தம் கையாலேயே பூட்டி அரக்கு முத்திரை வைத்தார். சாப்பாட்டைப் பின்பக்க ஜன்னல் வழியாகக் கூடையில் கயிறு கட்டி ஏற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கயிறு என் கணக்கு. ஜன்னல்கள் ஆறும் பின்னால் இருந்த சந்துப் பக்கம் பார்த்தவை. சந்தில் ஒரே ஒரு கடை. அது ஜெராக்ஸ் அக்காவின் கடை.

ஜெராக்ஸ் அக்கா என் வாடகைக்காரர். இறையியல் கல்லூரியில் வேதத்தின் மூலமொழிகள் இரண்டிலும் முதல் மதிப்பெண் வாங்கியவர். கல்லூரி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது, வேலை கொடுக்கவில்லை. போதகர் பணி ஆண்களுக்கானது என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டது. அக்கா பதக்கத்தை விற்று நகலெடுக்கிற மெஷின் ஒன்று வாங்கிப் போட்டார். 'அறிஞர்' என்ற பட்டத்தோடு திரிகிற ஆறு பேரும் இருபது வருடமாக அவரிடம்தான் 'ஒரு சின்னச் சந்தேகம்' கேட்டு வருகிறவர்கள்.

இரண்டாம் நாள் காலையில் கிடங்கின் பின்வாசலில் பொதி எண்ணிக்கொண்டு நின்றேன். முதல் ஜன்னலிலிருந்து கூடை இறங்கியது. அதில் சாப்பாட்டுத் தட்டு இல்லை. மூலப் பிரதி இருந்தது.

"அக்கா!" போதகரின் குரல், ஜெபம் பண்ணுகிற தாழ்ந்த சுருதியில். "ஒரு சின்ன வேலை. சொல்லுக்கு ஒண்ணரைக் காசு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அக்கா சத்தியம் பண்ணினார். அரைமணி கழித்து இரண்டாவது ஜன்னல். மதியத்துக்குள் ஆறு கூடை, ஆறு சத்தியம்.

"ஏம்மா, ஆறு பேருக்கும் தனித்தனியா எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணா? மூலம் ஒண்ணு, ஆள் ஒண்ணு. ஆளாளுக்கு 'இது எனக்கு மட்டும்'ன்னாங்க. ஆளுக்கு ஒரு பிரதி போட்டுக் குடுத்துடறேன். அவங்கவங்களுக்கு மட்டும்."

ஒரே சரக்கு, ஆறு கிராக்கி, முழு விலை. எங்கள் குலத்திலேயே இப்படி ஒரு வியாபாரி பிறந்ததில்லை. பதக்கம் சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அக்காவிடம் ஒரு குறை இருந்தது. வேலையில் மனசு வைப்பார். பத்து நாள் எழுதினார். அடித்தார், திருத்தினார், வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். கடைக்கு வந்தவர்களை, "செத்த இருங்க, மீன் வாயைத் திறக்குது" என்று நிற்க வைத்தார். முடித்து எண்ணினால், தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.

அன்றும் நான் பின்வாசலில் இருந்தேன். அக்கா முதல் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"ஐயா, முப்பத்தொரு சொல் கூட வருது."

"கூடன்னா அந்தக் காகிதக்காரன் காசு தர மாட்டான்மா. கடைசியில இருக்கறதை வெட்டிடு."

"கடைசியில கடவுள் பதில் சொல்றாரு ஐயா. சரியா முப்பத்தொரு சொல். அதுக்காகத்தான் முழுக் கதையுமே."

"அவர் ஏற்கனவே நிறையப் பேசியாச்சு. வெட்டு, வெட்டு."

இரண்டாம் ஜன்னல்: "கடைசியில இருக்கறதை வெட்டிடுங்க." மூன்றாம் ஜன்னல்: "கடைசியில இருக்கறதை வெட்டிடுங்க." நான்கு, ஐந்து, ஆறு. தனித்தனி அறை, இடையில் ஒன்பது அங்குலச் சுவர், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆறு வாயிலிருந்தும் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியம் வந்தது. அற்புதம் என்று ஒன்று நடந்திருந்தால் அது அன்றைக்குத்தான் நடந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஆறு பேரும் அக்காவின் தாளைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தில் எழுதினார்கள். இதைத்தான் அறிக்கையில் 'கடும் உழைப்பு' என்று குறிப்பிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் முத்திரை உடைக்கப்பட்டது. கூட்ட அறையில் தலைவர் முதல் பிரதியை வாசிக்க, உறுப்பினர்கள் மற்ற ஐந்து பிரதியையும் விரல் வைத்துத் தொடர்ந்தோம். முதல் பக்கத்தில் புருவங்கள் உயர்ந்தன. இரண்டாம் பக்கத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கப்பல் காற்றில் அகப்பட்ட இடத்தில் காற்புள்ளி கூட ஒரே இடத்தில் விழுந்திருந்தது. தலைவர் தேம்பினார். சுங்க அதிகாரி ஒருவர் அழுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எங்களைப் போன்ற வியாபாரிகள்தான் வழக்கமாக அழுவார்கள்.

கடைசிப் பக்கம் வந்தது. 'சாகிற வரைக்கும் நியாயம்தான்' என்றார் தீர்க்கதரிசி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"பழசுல கடவுள் பதில் சொல்வாரே?" என்றார் ஓர் உறுப்பினர்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழசை எத்தனை பேர் எழுதினாங்க? ஒருத்தரு. இங்க ஆறு பேர். ஆறு பேருக்கும் சொல்லாததை அந்த ஒருத்தருக்கு மட்டும் சொல்லியிருப்பாரா? பின்னாடி எவனோ சேத்துட்டான்."

"அப்போ கடவுள் பதிலே சொல்லலையா?"

விரிவுரையாளர் எழுந்தார். பதில் எங்கே போனது என்று தெரிந்தவர் அவர். அவர் இடத்தில் வேறு யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவருக்கு முனைவர் பட்டம் இருந்தது. "சொல்லியிருக்கிறார்" என்றார் கம்பீரமாக. "மௌனமா."

அறை சிலிர்த்தது. அந்த 'மௌனம்' அன்றே தீர்மானமாக நிறைவேறியது.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் போதகர் என் கையைப் பிடித்தார். "தம்பி, உங்கிட்ட மட்டும் சொல்றேன். என்னோடது... கொஞ்சம் வெளியில குடுத்து வாங்கினது. ஆனா பாரு, மத்த அஞ்சு பேருக்கும் நிஜமாவே இறங்கியிருக்கு!" அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மற்ற ஐவரும் தனித்தனியாக வந்து அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் மிச்ச ஐவரை மனதார நம்பினார்கள். விசுவாசம் இதற்குமேல் எங்கே உயரப் போகிறது!

மாதிரிப் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, குழுவும் ஆறு மொழிபெயர்ப்பாளர்களும் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜெராக்ஸ் அக்கா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். திங்கட்கிழமை மெஷின் ஓடினால் ஐயாயிரம் பிரதி. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு அது தெரியும்.

"கடைசி வரி விட்டுப்போயிருக்கு. அதைக் கொண்டாந்திருக்கேன். காசு வேண்டாம், பேர் வேண்டாம். இதை மட்டும் சேத்துடுங்க" என்றவர், யாரும் கேட்குமுன் வாசித்தார்.

நீ பாடுபடாத, நீ வளர்க்காத, ஓர் இரவில் முளைத்து ஓர் இரவில் பட்ட செடிக்காக இப்படி வருந்துகிறாயே. வலது கை எது, இடது கை எது என்று தெரியாத லட்சத்து இருபதாயிரம் ஜனங்களும் ஏராளமான கால்நடைகளும் இருக்கிற இந்த நகரத்துக்காக நான் வருந்தக்கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அக்கா அதை அங்காடித் தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்பதுபோலச் சொன்னார். 

"அம்மா," என்றார் தலைவர், "உங்களுக்கும் இந்த மொழிபெயர்ப்புக்கும் என்ன சம்பந்தம்?"

அக்கா ஆறு பேரையும் பார்த்தார். ஆறு பேரும் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார்கள். ஆறு சத்தியம் அவர் வாயில் கிடந்தது.

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க. படிச்சவ, அவ்வளவுதான்."

"ஆறு அறிஞர்கள் ஒரே மாதிரி எழுதினதை நீங்க ஒருத்தர் மாத்தச் சொல்றீங்க. முன்னொரு காலத்துல ஒரு பெரிய பண்டிதர், இதே கதையில செடியோட பேரை மட்டும் மாத்தினாரு. சபையில கலாட்டாவே ஆயிடுச்சு, தெரியுமா?"

"தெரியும் ஐயா. செடிக்காகக் கலாட்டா பண்ணினாங்க. அந்த ஊரைப் பத்தி யாரும் கேக்கல. நீங்களும் அதையேதான் பண்றீங்க."

தலைவர் முகம் சிவந்தது. அக்கா மெய்ப்பின் கடைசிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இடமும் இருக்கு பாருங்க. பாதிப் பக்கம் வெள்ளையாக் கிடக்கு."

"அது வெள்ளை இல்லம்மா," என்றார் விரிவுரையாளர் கனிவோடு. "அதுதான் மௌனம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க ஒருத்தர்தான் யாருக்கும் சத்தியம் பண்ணல. பின்வாசல்லயே நின்னீங்க. நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உணர்ச்சிவசப்படவில்லை, மனக்கணக்குப் போட்டேன். 'அற்புத மொழிபெயர்ப்பு' என்று விளம்பரம் வந்த மூன்றே நாளில் ஐயாயிரம் பிரதிக்கும் முன்பணம் வந்திருந்தது. முழு வேதத்துக்கும் ஆர்டர் வந்தால் நாலாயிரம் ரீமும் நகரும்.

"நான் காகித வியாபாரிம்மா" என்றேன் பணிவோடு. "வேதத்துல தலையிட எனக்கு என்ன தகுதி இருக்கு?"

குழு என் அடக்கத்தைக் கைதட்டிப் பாராட்டியது. அக்கா தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐயாயிரமும் விற்றது. அடுத்த பதிப்பும் விற்றது. விரிவுரையாளர் அந்த அரைப் பக்க வெள்ளையைப் பற்றி முந்நூறு பக்கத்தில் ஒரு விளக்கவுரை எழுதினார். அதற்கும் தாள் நான்தான். மக்களுக்கும் புத்தகம் பயன்பட்டது. என் தெருவில் ஒரு மதில் சுவருக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனும் தம்பியும் சமாதானத்துக்கு வருகிற நிலையில் இருந்தார்கள். இதைப் படித்த அண்ணன், "சாகிற வரைக்கும் கோபம் நியாயம்னு போட்டிருக்கு. கடவுளாலேயே மறுத்துப் பேச முடியல" என்று அடிக்கோடு போட்டுத் தம்பிக்கு அனுப்பினான். தம்பியும் ஒரு பிரதி வாங்கி, அதே வரியில் அடிக்கோடு போட்டு அண்ணனுக்கு அனுப்பினான். விற்பனை இரண்டு.

என் மனைவியும் படித்தாள். "இதென்ன, பாதியில நிக்குது?"

"மௌனம்" என்றேன்.

"நீங்க கேட்டு நான் பேசாம இருந்தா, அது மௌனம். நான் பேசினதை நீங்க வெட்டிட்டா, அதுக்கு வேற பேரு" என்றாள்.

இதற்கிடையில் சந்தில் ஒரு வரிசை நிற்க ஆரம்பித்தது. புத்தகத்தைக் கொண்டுபோனால், ஜெராக்ஸ் அக்கா கடைசிப் பக்கத்து வெள்ளையில் முப்பத்தொரு சொல்லையும் அச்சிட்டுத் தருகிறாராம், இலவசமாக. தலைவர் கொதித்தார். "மௌனத்துல கை வைக்கிறாங்க! கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க." நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை. வாடகையை மட்டும் இரட்டிப்பாக்கினேன்.

அக்கா முணுமுணுக்காமல் கட்டினார். முதல் மாத வாடகையோடு ஒரு பிரதியையும் நீட்டினார். கடைசிப் பக்கம் நிரம்பியிருந்தது.

"இது உங்களுக்கு, அண்ணா."

"எவ்வளவு?"

"நீங்க விலை வெச்சவருதானே, நீங்களே பாத்துக்குங்க."

அந்த வாரமே கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு சொல், நான்கு காசு வீதம், ஆறு பேருக்கு: மிச்சம் எழுநூற்று நாற்பத்து நான்கு காசு. இருபத்தேழரைத் தேநீருக்குச் சற்றே அதிகம். அதை அப்போதே குழுவாகக் குடித்துத் தீர்த்துவிட்டோம். எதிர்ப்பக்கத்தில், அச்சான பத்தாயிரம் பிரதியில் அக்கா நிரப்பிக் கொடுத்தது ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு போக, பிரதிக்கு ஒன்று வீதம் இரக்கம் கிடைக்காத நகரங்கள் எட்டாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு. நகரம் ஒன்றுக்கு லட்சத்து இருபதாயிரம் பேர். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன், காசில் வரவில்லை. எல்லாவற்றையும் என் பெயரில் பற்று எழுதினேன். கால்நடைகளுக்கு மட்டும் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அவற்றின் எண்ணிக்கை மூலத்திலேயே இல்லை.